முதல் ரோல் கோணலாத்தான் வரும்

ஏய்யா, முட்டை ரோலை இனிமே வீட்டிலேயே செய்யப் போறேன்னு நீ சொன்னதும் எனக்கு மனசு குளுந்து போச்சு. சேலையூர்ல நீ குடி வந்த இந்த வீட்டு அடுப்புல வெந்நீரைத் தவிர வேற எதுவும் கொதிச்சதில்லைன்னு மேல்வீட்டம்மா சொன்னாவ. அடுப்பும் எத்தனை நாளைக்குத்தான் சும்மா கிடக்கும், அதுக்கும் ஒரு காலம் வரணும்லா.

சாமான் வந்து இறங்கினதையும் பாத்தேன். கிராம் கணக்குல நிறுக்கிற தராசு, சூடு பாக்க தெர்மாமீட்டர், எண்ணெய் தடவ சிலிகான் பிரஷ், முட்டை அடிக்க பேட்டரியில சுத்துற கம்பி, கருப்பா பளபளன்னு ஒரு நான்ஸ்டிக் கல்லு. ஒண்ணும் குறை சொல்லுததுக்கில்ல. முட்டைதான் இல்ல. உப்பு டப்பாவைத் தொறந்தேன், அதுல சில்லறைக் காசு கிடக்கு. பரவாயில்ல, பெரிய காரியம் தொடங்குதப்போ சின்னச் சின்னக் குறை இருக்கத்தான் செய்யும்.

நான் சொல்லுததைக் கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ. சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. முட்டை ரோலுக்கு வேண்டியது கைப்பழக்கம். அது பார்சல்ல வராது. கேம்ப் ரோட்டுல சாயந்தரமானா வண்டி போட்டு நிக்கான் பாரு ஒரு வங்காளத்துப் பையன், அவன் கையைப் பாத்தாலே வந்துரும். பாக்கிறதுக்கு அவன் துட்டும் கேக்க மாட்டான்.

மொதல்ல எந்த முட்டை ரோலுன்னு முடிவு பண்ணிக்கோ. நேத்து ராத்திரி நீ போன்ல பாத்துக்கிட்டிருந்த வெள்ளைக்காரம்மா முட்டைக்கோசை நறுக்கி வதக்கி, மாவு ஏட்டுல சுத்தி, எண்ணெய்ல முக்கி எடுத்தாவ. அது அமெரிக்காவுல சீனாக்காரங்க ஓட்டல்ல விக்கிற பண்டம். பேரு எக் ரோல்னாலும் உள்ள கோசும் பன்றிக்கறியும்தான் பெரும்பாலும் இருக்கும், முட்டையைத் தேடினா மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வரணும். இன்னொண்ணு இலங்கைக்காரங்க ரோல்ஸ். மாவைக் கரைச்சு மெல்லிசா ஊத்திச் சுட்டு, உருளைக்கிழங்கும் கறியும் உள்ள வச்சு மடிச்சு, முட்டையில தோய்ச்சு, ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிக்கிறது. அவிச்ச முட்டையை வெட்டி உள்ள வைக்கிறதும் உண்டு. யாழ்ப்பாணத்துல இருந்து கனடா போன சனங்க ஸ்கார்பரோவுல கடைக்குக் கடை அதை அடுக்கி வச்சு விக்காங்க. கொள்ளாம், ருசியான சரக்குதான். ஆனா ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு வயித்தைத் தடவிக்கிட்டு நிக்கிறவன் செய்யிற சோலி இல்ல அது. வீடு நிறைய ஆளு வேணும்.

நீ ஆசைப்படுதது மூணாவது. கல்கத்தா ரோலு.

கல்கத்தாவுல நியூ மார்க்கெட்டுப் பக்கம் நிஜாம்ஸ்னு ஒரு ஓட்டல், 1932-ல தொடங்கினதுன்னு சொல்லுதாவ. அதுக்கு முந்தின வருசம்தான், 1931-ல, பீச்சுல இருந்து தாம்பரத்துக்குக் கரண்டு ரயில் ஓட ஆரம்பிச்சுது. இங்க மெட்ராஸ்காரன் தாம்பரம் வந்து சேர வழி பண்ணிக்கிட்டிருந்தப்போ, அங்க நிஜாம்ஸ்காரன் கம்பியில சுட்ட கறியைப் பரோட்டாவுல சுருட்டிக் கையில குடுக்க வழி பண்ணிட்டான். இரும்புக் கம்பி போயி மூங்கில் குச்சி வந்ததெல்லாம் 1964 வாக்குல. எதுக்குச் சுருட்டினான்னா ரெண்டு கதை இருக்கு. கையில எண்ணெய் ஒட்டப்படாதுன்னு ஒரு வெள்ளைக்காரன் கேட்டானாம், அது ஒண்ணு. ஆபீசுக்கு ஓடுற ஒருத்தன் போற போக்குல திங்க வழி கேட்டான்ங்கிறது இன்னொண்ணு. எனக்கு ஆபீசுக்காரன் கதைதான் நம்பும்படியா இருக்கு. ஆனா வெள்ளைக்காரன் தலையைக் காட்டாத கதை நம்ம ஆளுகளுக்கு இனிக்காது, அதனால அதுவும் ஓடுது. கறிக்குத் துட்டு பத்தாதவன் முட்டையோட நிறுத்திக்கிட்டான். நீ இப்ப ஆப்புல பேரு பாத்து, ஸ்டார் பாத்து, கூப்பன் பாத்து வரவழைக்கிறது அந்தத் துட்டில்லாதவன் சாப்பாட்டைத்தான்.

இங்க எப்படி வந்துச்சுங்க? ரயில்லதான். தாம்பரத்துக்கும் ஹவுரா பக்கத்துல இருக்கிற சந்திராகாச்சிக்கும் அந்த்யோதயா வண்டி ஓடுதுலா, அதுல முன்பதிவே கிடையாது. எல்லாம் பொதுப்பெட்டி, ஏறினவன் உக்காந்தான், ஏறாதவன் தொங்கினான். 1984-ல தாம்பரத்துல மெப்ஸ்னு ஏற்றுமதி வளாகம் வந்துச்சு, பெறவு மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம்னு ஏரிக்கரை ஏரிக்கரையா அடுக்குமாடி எழும்புச்சு. செங்கல் தூக்க, கம்பி கட்ட, ஓட்டல்ல மேசை துடைக்கன்னு வங்காளத்துல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் சனம் வந்துச்சு. நாள் பூராவும் நம்ம சாம்பாரையே ஊத்தினா அவனுக்கும் நாக்கு செத்துப் போகும்லா? அவனுக்குன்னு போட்ட ரோல் வண்டி இது. நீ பெறவுதான் வந்து வரிசையில நின்ன. வரிசையில நிக்கிறதும் கஷ்டமாப் போச்சுன்னு இப்ப ஆப்புல வரவழைக்க. வண்டிக்காரன் சுடச்சுட சுருட்டி மூடுதான், அது டப்பாவுக்குள்ள ஆவி அடிச்சு அடிச்சு வேர்த்து, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல நின்னு நின்னு உன் கதவைத் தட்டுதப்போ தொளதொளன்னு கிடக்கு. நீ அதுக்கும் அஞ்சு ஸ்டார் போடுத. உனக்குப் பெரிய மனசு.

ஆனா ஒண்ணு கேக்கேன். திருநெல்வேலிச் சீமையில பிறந்தவன் வீட்டுப் பிள்ளை பரோட்டாவுக்கு யூடியூப்ல பாடம் படிக்கலாமா? விருதுநகர்ல பரோட்டாவை எண்ணெய்லேயே பொரிச்சு எடுப்பான். செங்கோட்டைக்குப் பக்கத்துல பிரானூர் பார்டர்ல பரோட்டாவும் கோழியும் திங்கன்னே கார் எடுத்துக்கிட்டு வருவாவ. தூத்துக்குடியில பரோட்டாக் கடைக்குப் பேரே நைட் கிளப்பு. வெளியூர்க்காரன் பேரைக் கேட்டு, தலையை வாரிக்கிட்டு வந்து நின்னா சால்னாவை ஊத்துவான். வீச்சுப் பரோட்டாவுல முட்டையை உடைச்சு ஊத்தி நாலா மடிச்சா முட்டை வீச்சு. முட்டையும் கறியும் உள்ள வச்சு மூடினா சிலோன் பரோட்டா. கடலோரத்துச் சாய்புமார் வீடுகள்ல முர்தபான்னு ஒண்ணு போடுவாவ, அதைத் தின்னவன் உன் ரோலைத் திரும்பிப் பாக்க மாட்டான். நாம மடிச்சோம், அவன் சுருட்டினான். சுருட்டினதுல ஒரு சௌகரியம் உண்டு, மறுக்கல. சால்னா வேண்டாம், இலை வேண்டாம். ஒரு கையில ரோலு, இன்னொரு கையில போனு. நீங்க பிறக்கப் போறீங்கன்னு தெரிஞ்சே செஞ்சு வச்சிருக்கான்.

இப்ப மாவுக்கு வா. தராசு வாங்கிட்ட, அதுக்கும் ஒரு சோலி குடுப்போம். 250 கிராம் மைதா, அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் சீனி, ரெண்டு ஸ்பூன் எண்ணெய், 140 மில்லி தண்ணி வாக்குல. தண்ணியை ஒரே ஊத்தா ஊத்தாதே, மாவு கேக்கக் கேக்கக் குடு. சீனி இனிப்புக்கு இல்ல, கல்லுல போட்டதும் நிறம் பிடிக்க. முழு மைதா ஆகாதுன்னு உன் ஜிம்முக்கார சேக்காளி சொல்லுவான். பாதி கோதுமை மாவு போட்டுக்கோ, தண்ணி கொஞ்சம் கூடக் கேக்கும். அந்த சேக்காளிக்கு ரோல் குடுக்க வேண்டாம், எனக்கு ஒண்ணு கூடக் கிடைக்கும்.

பத்து நிமிசம் பிசை. உள்ளங்கை அடியால தள்ளித் தள்ளிப் பிசையணும், விரலால கிச்சுகிச்சு மூட்டுனா மாவு சிரிக்குமே தவிர இளகாது. பெறவு மேல எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி, ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதே. இதுதான் உன்னால முடியாத இடம். ராத்திரி பஸ்ஸுல உக்காந்தே வந்து கிளாம்பாக்கத்துல இறங்கினவன் மாதிரி, பிசைஞ்ச மாவுக்கும் கொஞ்ச நேரம் காலை நீட்டணும். குளூட்டன்னு ஒண்ணு மாவுல இருக்கு, பிசையப் பிசைய அது முறுக்கேறும். ஆறவிட்டாத் தளரும். அதுக்குள்ள கட்டையை எடுத்தா, நீ தேய்க்கத் தேய்க்க அது உள்ள இழுத்துக்கிட்டே போகும். பெறவு கட்டை சரியில்லைன்னு இன்னொரு கட்டை ஆர்டர் போடுவ.

ஆறின மாவை உருண்டை பிடிச்சு மெல்லிசாத் தேய்ச்சு, எண்ணெய் தடவி, மாவு தூவி, விசிறி மடிப்பா மடிச்சு, சுத்தி வச்சு, பத்து நிமிசம் கழிச்சு மறுபடி தேய். ஏடு ஏடா வரும். இம்புட்டும் ஆகாதா? காலையில வாங்கி மிஞ்சின சப்பாத்தியை எடு. நேத்து மிஞ்சினதானாலும் சரி. அதுல ஈரம் வத்தியிருக்கும், பச்சை முட்டையை நல்லாவே பிடிச்சுக்கிடும். மிஞ்சினதுக்கு இருக்கிற இந்த மரியாதையை எந்தச் சமையல்காரனும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டான், சொன்னா அவன் கூலி குறைஞ்சிரும்.

முட்டை நாமக்கல்ல இருந்து வருது. 1982-ல இருந்து என்.இ.சி.சி-ன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுதான் தினமும் விலை சொல்லுது, ஊரு கேட்டுக்குது. அதே 1982-லதான் எம்.ஜி.ஆர். சத்துணவை ஆரம்பிச்சாரு. ஆனா தட்டுல முட்டை விழுந்தது 1989-ல, கலைஞர் ஆட்சியில. அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. உங்கப்பன் அந்த முட்டையைத் தின்னவன். முட்டை போடுற நாள்னா காய்ச்சல்னு பொய் சொல்லி லீவு எடுக்க மாட்டான், நெசக் காய்ச்சலையும் மறைச்சுக்கிட்டு ஓடுவான். அவன் பிள்ளை நீ, டபுள் எக், ட்ரிபிள் எக்குன்னு பித்தானை அமுக்குத. நல்லா இரு. ஒரு ரோலுக்கு ஒரு முட்டை போதும். ரெண்டு போட்டா ரோல் சுருளாது, மல்லுக்கு நிக்கும்.

இனிமே சொல்லுததுதான் சங்கதி. போனைக் கீழ வை.

அந்த வங்காளத்துப் பையன் கையைப் பாத்திருக்கியா? உனக்கு எங்க நேரம், நீ க்யூஆர் கோடைத் தேடிக்கிட்டு நிப்ப. அவன் கல்லு கனத்த இரும்பு. நடுவுல அனல், ஓரத்துல மந்தம். பரோட்டாவை ரெண்டு பக்கமும் முக்கால் வேக்காட்டுக்கு வாட்டி ஓரத்துல ஒதுக்குதான். நடுவுல எண்ணெய் விடுதான். எவர்சில்வர் டம்ளர்ல முட்டையை உடைச்சு, உப்பும் பொடிசா நறுக்கின பச்சைமிளகாயும் போட்டு, ஸ்பூனால கலக்குதான். நுரை கிளம்ப அடிக்க மாட்டான், பேட்டரிக் கம்பியும் அவன்கிட்ட இல்ல. கல்லுல ஊத்தி, அந்த டம்ளர் அடியாலேயே ஒரு சுத்து இழுத்து விடுதான். ஓரம் வெளுத்துச் சுருங்குது, நடு இன்னும் மஞ்சளா ஓடிக்கிட்டிருக்கு. அப்பதான் பரோட்டாவைத் தூக்கி மேல படுக்க வைக்கான். உள்ளங்கையால ஒரு சுத்து அமுக்கு. சட்டுவத்தை அடியில விட்டு ஒரே புரட்டு. முட்டையும் பரோட்டாவும் ஒரே தோலா வருது. ஊத்தினதுல இருந்து புரட்டுதது வரைக்கும் அரை நிமிசம் இருந்தா அதிகம்.

ஏன் அந்த நேரம்னு கேளு, நீ தெர்மாமீட்டர் வாங்கின ஆளுலா. முட்டை 60 டிகிரியைத் தாண்டினாக் கெட்டியாக ஆரம்பிக்கும், 70-க்குப் போனா மஞ்சளும் இறுகிரும். இறுகுததுக்கு முன்னால பரோட்டா மேல விழுந்தா அந்த ஏடுகளுக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கிட்டு இறுகும். நீ என்ன செய்வ? பச்சையா இருக்கேன்னு பயந்து, முட்டையை முழுசா வேகவிட்டு, அழகா ஒரு ஆம்லெட் எடுத்து, போட்டோ பிடிச்சு, பரோட்டா மேல வச்சுச் சுருட்டுவ. கடிச்சதும் ஆம்லெட்டு பின்பக்கமா நழுவி மடியில விழும். மிச்சம் கையில இருக்கிறது வெறும் பரோட்டா. அதைத் தின்னுக்கிட்டே மடியில விழுந்ததைப் பாத்துக்கிட்டிருப்ப. பயப்படாதே, புரட்டின பெறவும் கல்லுலதானே இருக்கு, நடுவுல இருக்கிற முட்டையும் நல்லா வெந்துரும்.

அந்த நான்ஸ்டிக் கல்லு இதுக்கு ஆகாது. ரொம்ப அனல் ஏத்தினா அதுல பூசினது கெட்டுரும், அனல் ஏத்தாட்டி முட்டை செவக்காது. மேல்வீட்டம்மாகிட்ட பழைய இரும்புத் தோசைக்கல்லு இருக்கு. கேட்டாக் குடுப்பாவ. திருப்பிக் குடுக்கையில மேல ஒரு ரோல் வச்சுக் குடு. அவ்வோ சைவம்னா அந்த ரோலை என்கிட்ட குடு, கல்லை நான் விளக்கிக் குடுத்துக்கிடுதேன்.

உள்ள வைக்கிறதுக்குப் பல்லாரி வெங்காயம். தாம்பரம் மேற்குல சண்முகம் ரோட்டு மார்க்கெட்டுக்குப் போ, வெள்ளரிக்காயும் எலுமிச்சங்காயும் அங்கனயே வாங்கிரலாம். பல்லாரியைக் கண்ணாடி கனத்துக்கு நீளநீளமா அரிஞ்சு, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசிறிப் பத்து நிமிசம் வை. காரநெடி அடங்கும். வைக்கிறதுக்கு முன்னால பிழிஞ்சிரு, இல்லேன்னா தண்ணி விட்டு ரோல் அடியில கிழியும், உன் சட்டை நனையும். வெள்ளரிக்காய் நாலு துண்டு, பச்சைமிளகாய், சாட் மசாலா ஒரு சிட்டிகை, தக்காளி சாஸ் ஒரு கோடு, மிளகாய் சாஸ் ஒரு கோடு. நிறுத்து.

அதுக்கு மேல கையை நீட்டாதே. எனக்குத் தெரியும், உன் பிரிட்ஜ்ல சீஸ் இருக்கு, சோளம் இருக்கு, ஷெஸ்வான் இருக்கு, மயோனைஸ் ஒரு குப்பி இருக்கு. மயோனைஸை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு. பச்சை முட்டையில அடிக்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல்ல நம்ம கவர்மெண்டு ஒரு வருசத்துக்குத் தடையே போட்டுது, கிருமி வருதுன்னு. ஊரு அன்னைக்குத்தான் முட்டையை வேகவச்சுத் திங்கணும்னு கண்டுபிடிச்சுது. உங்க ஆச்சிக்கு அது முன்னமே தெரியும். அவளுக்குத் தெரிஞ்சதுக்கெல்லாம் அரசாணை போடணும்னா கோட்டையில பேப்பர் பத்தாது.

சுருட்டுததுக்குப் பட்டர் பேப்பர் வாங்கு. எங்க காலத்துல நியூஸ் பேப்பர்லதான் கட்டிக் குடுப்பான். தின்னு முடிச்சு, பேப்பரை விரிச்சு, எண்ணெய் படாத சேதியெல்லாம் படிப்போம். பாதிச் சேதி எண்ணெய்ல போயிரும், அதனால மனசு நல்லா இருந்துச்சு. அச்சு மை உடம்புக்கு ஆகாதுன்னு 2018-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி போட்டுட்டாவ, நியாயம்தான். 2019 சனவரியில இருந்து நம்ம மாநிலத்துல பிளாஸ்டிக் பையும் கிடையாது. இனி பரோட்டாவை முட்டைப் பக்கம் மேல இருக்கும்படி வை. பல்லாரியை நடுவுல கொட்டாம, ஒரு ஓரமா வரிசையா வை. அந்த ஓரத்துல இருந்து இறுக்கிச் சுருட்டு. பேப்பரை அடிப்பாதிக்கு மட்டும் சுத்தி, வாலை முறுக்கி உள்ள சொருகு. முறுக்காட்டி சாஸ் முழங்கை வரைக்கும் வழியும், நீ வேற வெள்ளைச் சட்டைக்காரன்.

முதல் ரோல் கோணலாத்தான் வரும். அதுக்காக வருத்தப்படாதே, தூக்கி எறியாதே, ஸ்டேட்டஸ்லயும் போடாதே. பைய என் பக்கமாத் தள்ளிரு. கோணல் கண்ணுக்குத்தான், என் வயித்துக்கு அது தெரியாது. ரெண்டாவது கொஞ்சம் பிஞ்சு வரும். பிஞ்சதை நீ திங்கப்படாது, வயசுப் பையன், கண்ணாலம் ஆக வேண்டியவன். அதையும் நானே பாத்துக்கிடுதேன். டாக்டர் என்னை முட்டையைக் குறைக்கச் சொல்லியிருக்காரு, நெசம்தான். ஆனா அவர் சொன்னது முட்டையை. இது பரோட்டாவோட ஒட்டி, முட்டையாட்டே இல்லையே. உங்கம்மா போன் போட்டா, தாத்தா ரெண்டு இட்லி சாப்பிட்டாருன்னு சொல்லு. எண்ணிக்கையில பொய் இல்ல, பேருலதான் சின்ன வித்தியாசம்.

சரி, எந்திரி, முட்டை வாங்கப் போ. உப்பையும் மறந்துராதே. கேம்ப் ரோட்டு வழியாவே போ, இந்நேரம் அவன் கல்லைக் காய வச்சிருப்பான். பக்கத்துல நின்னு கையைப் பாரு, அந்த டம்ளர் இழுப்பை நல்லாப் பாரு. சும்மா நின்னு பாத்தா வியாபாரத்துக்கு இடைஞ்சல்னு நினைப்பான், பாவம், பொழைக்க வந்த பையன். ஒண்ணு வாங்கிரு. பச்சைமிளகாய் தூக்கலா, சாஸ் வேண்டாம்னு சொல்லு. உனக்கில்ல, நீதான் வீட்டுல செய்யப் போறியே.